எரிகிறது என்று சொல்ல வேண்டும்

நம் மொழியில் இந்த நோய்க்குப் புற்று என்று பெயர். கறையான் எழுப்பப் பாம்பு குடிபுகும் மண்மேட்டின் பெயரையே உடலுக்குள் வளரும் ஒரு பகைக்கும் வைத்திருக்கிறோம். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் நண்டு என்று பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார்கள். பெயர் எதுவானாலும் அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு இன்னும் நம் வீடுகளுக்கு வந்தபாடில்லை. 'அவருக்கு அதுவாம்' என்று குரலைத் தாழ்த்துவோம். குழந்தைகள் அருகில் இருந்தால் அந்த 'அது'வையும் விழுங்கிவிட்டுக் கண்ணால் ஜாடை காட்டுவோம். பெயரே இப்படி என்றால், அந்நோய்க்குச் செய்யும் சிகிச்சையைப் பற்றி யார் யாரிடம் கேட்பது? யார் யாருக்குச் சொல்வது?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தராகக் காலந்தள்ளி வருபவன் நான். மருத்துவம் படித்தவனல்லன், வரலாற்றுப் பாடத்தில் பெற்ற பி.ஏ. பட்டம் ஒன்றுதான் என் கல்விச் சொத்து. ஆனால் சென்ற ஆண்டு கார்த்திகை முதல் இவ்வாண்டு சித்திரை வரை, பதினாறு முறை, என் மனைவி தில்லி மருத்துவமனை ஒன்றின் நாற்காலியில் கைநீட்டி அமர்ந்து மருந்தேற்றிக்கொண்டாள். பதினாறு முறையும் அருகில் ஒரு முக்காலியில் நான் இருந்தேன். மார்பில் தோன்றிய கட்டியை அறுவை செய்து அகற்றிய பின், உடலில் எங்கேனும் ஒளிந்திருக்கக்கூடிய நோயணுக்களை அழிப்பதற்காகச் செய்யப்பட்ட சிகிச்சை அது. கீமோதெரபி என்று ஆங்கிலத்திலும் வேதிச்சிகிச்சை என்று நூல்களிலும் வழங்குவதை, வீட்டில் நாங்கள் 'மருந்தேற்றுவது' என்றே சொல்லிப் பழகினோம். சங்க மலருக்கு ஏதேனும் எழுதவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, கண்ணால் கண்ட இந்த ஒன்றைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று. நம்மைப் போல் ஊர்விட்டு வந்து, பிறமொழிக்கு நடுவே வாழும் குடும்பங்களுக்கு இது ஒருநாள் பயன்படலாம். பயன்படும் நாள் வராமலே போனால் இன்னும் நல்லது.

முதலில் அச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மவரின் அச்சத்தில் பெரும்பகுதி திரையரங்கில் விளைந்தது. 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் நோயாளி பிழைத்துக்கொள்கிறான். ஆனால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டு கழித்து 1982-இல் வந்த 'வாழ்வே மாய'த்தில் கதாநாயகன் இந்நோயால் மாண்டதே மனத்தில் தங்கிவிட்டது. அதற்கேற்பச் சிகிச்சை பற்றிய கதைகளும் வளர்ந்தன. குடலே வெளியே வந்துவிடும்படி வாந்தி வரும், உள்ளே நெருப்பாய்ச் சுடும், பாதிப் பேர் நோயால் போனால் மீதிப் பேர் மருந்தால் போவார்கள் என்றெல்லாம் என் மனைவிக்கே மூன்று பேர் தொலைபேசியில் 'ஆறுதல்' கூறினார்கள். இக்கதைகள் முழுப் பொய்யல்ல, பழைய மெய். வாந்தியைத் திறமாகத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் என்னும் மருந்து 1991-இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் மருந்தேற்றிக்கொண்டவர்கள் பட்ட பாடே வாய்வழியாக இன்றளவும் உலவுகிறது. பதினாறு முறையில் என் மனைவி வாந்தி எடுத்தது நான்கே தடவை. குமட்டல் இருந்தது, பயணத்தில் வயிறு புரளுமே, அந்த அளவில் இருந்தது.

இம்மருந்துகள் பிறந்த கதையும் விந்தையானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடுகு வாயு என்னும் நச்சுப்பொருளைப் பற்றி ஆராய்ந்தவர்கள், அது இரத்தத்தின் வெள்ளணுக்களை அழிப்பதைக் கண்டார்கள். மிகையாய்ப் பெருகும் அணுக்களை அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளால் அடக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் ஆக்கித் தந்த மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் இரத்தப்புற்று சிறிது காலமாவது பணிந்து நிற்பதை 1948-இல் உலகுக்குக் காட்டினார். நம் ஊர்ச் சுடுகாட்டோரங்களில் தானே பூத்துக் கிடப்பதால் பூசைக்கு ஆகாது என்று ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று இரண்டு மருந்துகள் எடுக்கிறார்கள். தில்லியில் 'சதாபஹார்' என்ற பெயரில் வீட்டுக்கு வீடு தொட்டியில் நிற்பதும் அச்செடியே. என் மனைவிக்குச் செலுத்திய மூன்று மருந்துகளில் ஒன்று போர்க்கால ஆராய்ச்சியின் வழிவந்தது. ஒன்று இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. மற்றொன்று முதன்முதலில் அமெரிக்க மரம் ஒன்றின் பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. விரைந்து பிளந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது இவற்றின் தொழில். நோயணு விரைந்து பெருகுவது. ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுவனவே. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இரத்த அணு குறைவதும் இதனால்தான். நல்ல அணு மீண்டும் தழைத்துவிடும் என்னும் நம்பிக்கையில், ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடைவெளி விட்டு மருந்து தருகிறார்கள்.

எங்கே சிகிச்சை பெறுவது என்பது நம்மைப் போன்றோர் வீட்டில் எழும் முதல் வழக்கு. 'ஊருக்கு வந்துவிடுங்கள், அடையாறில் காட்டலாம்' என்று என் மைத்துனர் அழைத்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அந்நிலையத்தின் மீதும், மும்பையில் 1941 முதல் நடக்கும் டாட்டா நினைவு மருத்துவமனை மீதும் எல்லோரையும் போல் எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆயினும் ஆறு மாதச் சிகிச்சை என்பது ஆறு மாத வாடகை, விடுமுறை, குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்தது. இன்று பெருமருத்துவமனைகள் பலவற்றிலும் ஏறக்குறைய ஒரே மருந்துமுறை கையாளப்படுகிறது. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, தன்னோடு சேர்ந்த நிலையங்களுக்குப் பொதுவான சிகிச்சை நெறிகளையே வகுத்துத் தந்திருக்கிறது. ஆகவே தில்லியிலேயே இருப்பதென்று முடிவு செய்தோம். ஊருக்குப் போய்ச் சிகிச்சை பெறுவோருக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, துணைக்குச் செல்பவர் ஒருவருக்கும் உண்டு என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

இனி நடைமுறை. முதல் மூன்று மாதம், இருபத்தொரு நாளைக்கு ஒருமுறையாக நான்கு தடவை. அடுத்த மூன்று மாதம், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு முறைக்கும் முந்திய நாள் இரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்னும் காவலணுக்கள் போதாவிட்டால், மறுநாள் மருந்து கிடையாது. ஒரு வாரம் தள்ளிப்போகும். எங்களுக்கு ஒருமுறை தள்ளிப்போயிற்று. தேர்வில் தோற்ற மாணவியைப் போல் என் மனைவி முகம் வாடினாள். 'உங்கள் உடம்பு ஒரு வாரம் விடுப்பு கேட்கிறது, கொடுத்துவிடுவோம்' என்றார் மருத்துவர். அலுவலகத்தில் எத்தனையோ விடுப்பு விண்ணப்பங்களைக் கையாண்ட எனக்கு அது நன்றாகவே விளங்கிற்று.

மருந்தின் அளவையும் எல்லோருக்கும் ஒன்றாக வைப்பதில்லை. உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் உடலின் மேற்பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கிறது. 155 சென்டிமீட்டர், 58 கிலோ. என் மனைவிக்கு வந்த கணக்கு 1.58 சதுர மீட்டர். அதற்கேற்ற மில்லிகிராம் கணக்கிலேயே மருந்து கலந்து வரும். ஒவ்வொரு முறையும் எடைபார்ப்பது இதற்காகவே. அவர்கள் கணக்கை நானும் கையடக்கக் கணிப்பானில் போட்டுப்பார்த்துக்கொள்வேன். ஐயத்தினால் அன்று; கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மருந்தேற்றும் கூடம் நான் எண்ணியிருந்ததுபோல் அறுவைக்கூடமும் அல்ல, இருட்டறையும் அல்ல. சாய்வு நாற்காலிகள் வரிசையாய்ப் போட்ட நீண்ட அறை. காலை எட்டு மணிக்குப் போனால் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பலாம். அதில் பாதி நேரம் காத்திருப்பு. மருந்தைத் தனியறையில் பாதுகாப்போடு கலந்து கொண்டுவர ஒன்றிரண்டு மணி ஆகிவிடும். அறுவை நடந்த பக்கத்துக் கையை விட்டுவிட்டு மறு கையில், கானுலா என்னும் மெல்லிய குழலை நரம்பில் செருகுவார்கள். அந்த ஒரு குத்தல்தான் வலி. சிலருக்கு நரம்பு அகப்படாது. அத்தகையோருக்கு மார்புத் தோலின் கீழ் 'போர்ட்' என்னும் சிறு கிண்ணத்தைப் பதித்துவிடுகிறார்கள். முதலில் உப்புநீர் இறங்கும். பிறகு வாந்தியைத் தடுக்கும் மருந்து, ஒவ்வாமையைத் தடுக்கும் மருந்து. அதன்பின் செவிலியர் இருவர் வந்து பெயரையும் கோப்பு எண்ணையும் கேட்டு, மருந்துப் பையின் சீட்டோடு ஒப்புநோக்குவார்கள். பெயரைச் சொல்லச் சொன்னால், 'எத்தனை தரம் சொல்வது' என்று சலித்துக்கொள்ளாமல் சொல்லவேண்டும். அதன் பிறகே அசல் மருந்து. கையில் குளிர்ச்சி ஏறுவது தெரியும். ஒரு மருந்து வேகமாய் இறங்கினால் மூக்கின் உள்ளே கடுகு தாளித்ததுபோல் நெடியேறும். மற்றபடி, மருந்து உள்ளே போவதே தெரியாமல் பலர் உறங்கிவிடுகிறார்கள்.

ஆனால் உறங்கக்கூடாத, உறங்கினாலும் அருகிலிருப்பவர் விழித்திருக்கவேண்டிய வேளை ஒன்று உண்டு. இக்கட்டுரையை நான் எழுதுவதே அதைச் சொல்வதற்காகத்தான்.

முதல் நான்கு முறை தந்த மருந்துகளில் ஒன்று செக்கச் சிவந்த நிறமுடையது. டாக்ஸோரூபிசின் என்று பெயர். அதைக் குழலில் சொட்டவிடாமல், செவிலியர் பெரிய ஊசியில் ஏந்திப் பக்கத்தில் அமர்ந்து மெல்ல மெல்லச் செலுத்துவார். அது நரம்புக்குள் போகிறவரை குற்றமில்லை. நரம்பை விட்டுச் சதையில் கசிந்தால் அவ்விடத்தை வேகவைத்துவிடும், ஆறாப் புண்ணாக்கும். அது கசிவதற்கு முதல் அறிகுறி, குழல் செருகிய இடத்தில் எரிச்சல். அந்த எரிச்சலை எந்தக் கருவியும் காட்டாது. நோயாளி சொன்னால்தான் உண்டு. சொன்ன மறுகணம் நிறுத்தினால் பெருங்கேடு விளையாது.

இங்கேதான் நம் பெண்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டாயிற்று. பொறுத்தார் பூமியாள்வார் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை வளர்த்திருக்கிறோம். பிரசவ வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் என்பதை ஒரு குடும்பப் பெருமையாகவே சொல்வோம். அதன்மேல் இங்கே மொழியும் பிறமொழி. என் மனைவி காய்கறிக்காரனிடம் பேரம்பேசும் அளவுக்கு இந்தி அறிவாள். உடம்பின் நுண்ணிய வேதனைகளைச் சொல்லும் இந்தியை அவளுக்கு யார் கற்பித்தார்கள்? நம் தமிழில் வலிக்குத்தான் எத்தனை பெயர்! எரிச்சல், கடுப்பு, குத்தல், குடைச்சல், இசிவு, நமைச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுள்ளென்று இழுத்தல். இவை அத்தனையையும் 'தர்த்' என்னும் ஒரே சொல்லில் மூட்டைகட்டிக் கொடுத்தால் செவிலியர் எதைப் பிரித்தறிவார்?

முதல் முறை மருந்தேற்றும் முன்பே, கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுச் சொற்பட்டியல் ஒன்று எழுதினாள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்திலேயே இந்தி. எரிச்சல் என்றால் ஜலன். வீக்கம், சூஜன். தலைசுற்றல், சக்கர். வாந்தி, உல்ட்டி. குளிர்நடுக்கம், கப்கப்பி. விரல்நுனியில் எறும்பு ஊர்வதுபோன்ற சிலிர்ப்பு, ஜுன்ஜுனி. மூச்சு முட்டுகிறது என்றால் 'சாஸ் நஹீ ஆ ரஹீ'. பதினான்கு சொற்கள். அத்தாளை மடித்து மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் செருகிவைத்தாள். இரண்டாம் முறை, சிவப்பு மருந்து பாதி சென்றிருந்தபோது என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாளைப் பார்க்க நேரமில்லை. "எரியுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அடுத்த நொடி "ஜலன், சிஸ்டர், ஜலன்" என்றாள். அன்று மருந்து செலுத்தியவர் கேரளத்துப் பெண். மலையாளத்தில் 'எரிச்சில்' என்பார்கள். ஆகவே முதற்சொல்லிலேயே அவர் கை நின்றுவிட்டது. குழலின் வழியே திரும்ப உறிஞ்சிப் பார்த்து, மருத்துவரை அழைத்து, அந்தக் குழலை எடுத்துவிட்டு, பனிக்கட்டிப் பை வைத்து, வேறொரு நரம்பில் எஞ்சியதைச் செலுத்தினார்கள். புறங்கையில் ரூபாய் நாணயம் அளவு சிவந்தது. பத்து நாளில் மறைந்தது. "நல்லவேளை, உடனே சொன்னீர்கள், சேச்சி" என்றார் அந்தச் செவிலியர், தம் மொழியும் நம் மொழியும் கலந்து.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சில வாரங்களில் வேறோர் உருவத்தில் கண்டோம். பக்கத்து நாற்காலியில் மதுரைப் பக்கத்து மூதாட்டி ஒருவர். மகன் இங்கே தனியார் நிறுவனத்தில் வேலை. மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கப் போயிருந்தான். அவருக்கு அன்றுதான் புது மருந்து தொடங்கினார்கள். அது தொடங்கிய சில நிமிடங்களில் சிலருக்கு ஒவ்வாமை காட்டக்கூடும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்; அவருக்கும் சொல்லியிருப்பார்கள், இந்தியில். அம்மூதாட்டியின் முகம் செந்நிறமாவதையும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வதையும் என் மனைவிதான் கண்டாள். "என்னம்மா செய்கிறது?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை தாயி. நெஞ்சைக் கொஞ்சம் அடைக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை சோலி, பாவம், நாம் வேறு எதற்கு?" என்றார். நான் எழுந்து ஓடிச் செவிலியரை அழைத்துவந்தேன். மருந்தை நிறுத்தி, பிராணவாயு கொடுத்து, வேறு ஊசி போட்டார்கள். அரைமணியில் முகம் தெளிந்தது. பின்னர் அதே மருந்தை மிக மெதுவாகத் தொடங்கினார்கள். மறுபடி ஒன்றும் நேரவில்லை. மகன் வந்ததும், "இந்தத் தம்பி இல்லையென்றால்" என்று என்னைக் காட்டினார். நான் செய்தது ஒன்றுமில்லை. அவர் வாயில் இருந்த சொல்லை இருபதடி தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவ்வளவே.

பொறுமை பெரிய குணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருபத்தொரு நாள் இடைவெளிகளைக் கடக்க அது வேண்டும். கூடத்தில் காத்திருக்க அது வேண்டும். கண்ணாடியில் தன் தலையைப் பார்க்க அது மிகவும் வேண்டும். ஆனால் மருந்து ஏறும் அந்த ஒருமணி நேரம் பொறுமைக்கு உரியதன்று. அங்கே பொறுத்துக்கொள்பவள் தனக்கும் தீங்கு செய்துகொள்கிறாள், தன்னைப் பேணுகிறவருக்கும் உதவாது போகிறாள். சிறு எரிச்சலுக்கும் செவிலியரை அழைத்தால் தொல்லையாகுமே என்று எண்ணவேண்டாம். அவர்கள் அங்கே நிற்பதே அந்த அழைப்பைக் கேட்பதற்குத்தான். பத்து முறை வீணாய் அழைத்தாலும் குற்றமில்லை.

வீடு திரும்பிய பின் நாட்கள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நகர்ந்தன. முதல் இரண்டு நாள், வாந்தியைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தின் வேகத்தில் உறக்கமின்றிச் சுறுசுறுப்பாய் இருப்பாள். பரணை ஒழிக்கவேண்டும் என்பாள். சிவப்பு மருந்தால் முதல் நாள் சிறுநீர் சிவந்து போகும். முன்பே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. மூன்றாம் நாள் அடித்துப்போட்டதுபோல் படுத்துவிடுவாள். இந்த அயர்வு தூங்கினால் தீரும் அயர்வன்று. நாலைந்து நாளில் தானே விலகும். நாக்கில் தகரச் சுவை தட்டும். பெருங்காயம் தாளித்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அறுபது நாள் எங்கள் வீட்டில் சாம்பார் வாசனை இல்லை. ஆறிய தயிர்சாதமும் வேகவைத்த இட்டலியும் எலுமிச்சை ஊறுகாயின் ஒரு துளியுமே அவளைக் காத்தன. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த நீரால் கொப்பளிப்பது. நீரை நிறையக் குடிப்பது. மலச்சிக்கலை மறைக்காமல் சொல்லி மருந்து வாங்குவது. பெரிய இரகசியம் வேறொன்றும் இல்லை.

முடியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பதினேழாம் நாள் தலையணையெல்லாம் முடி. உதிர்வதைத் தினமும் பெருக்கி அள்ளுவதைவிட ஒரேயடியாக மழித்துவிடலாம் என்று அவளே தீர்மானித்தாள். என் தாயார் கலங்கினார்கள். சுமங்கலியின் தலையை மழிப்பதென்றால் அவர் தலைமுறையில் அதற்கு வேறு பொருள் உண்டு. அதை வாயால் சொல்லவும் அஞ்சி, மூலையில் அமர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். "திருப்பதிப் பெருமாளுக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அத்தை. மூன்று வயதில் கொடுத்தேன், இப்போது இரண்டாம் முறை" என்றாள் என் மனைவி. மழித்து முடிந்ததும் என் தாயாரே சந்தனம் அரைத்துத் தலையில் பூசிவிட்டார்கள். இன்று அத்தலையில் விரற்கடை நீளத்துக்குச் சுருட்டை முடி. முன்பு இல்லாத சுருட்டை.

இவற்றிலெல்லாம் அவசரம் என்று சொல்லத்தக்கது காய்ச்சல் ஒன்றே. மருந்தேற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை காவலணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது 100.4 பாரன்ஹீட் தொட்டாலே, இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டு மாத்திரையைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கலாகாது. காய்ச்சலுக்கு இந்தியில் சொல்லும் சொல்லை நம் எழுத்தில் எழுதினால் 'புகார்' என்று வரும். நமக்கோ புகார் என்றால் முறையீடு. என் மகளின் பட்டியலில் இதைப் பார்த்துச் சிரித்தோம். மார்கழியில், மூன்றாம் முறைக்குப் பின் பத்தாம் நாள், நள்ளிரவில் அந்தப் புகார் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வெப்பமானி 101 காட்டிற்று. எதிரே பத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத மூடுபனி. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் தம் காரை எடுத்து, மகனை முன்னே விளக்கோடு நடக்கவிட்டுத் தெருமுனை வரை ஓட்டினார். அவசரப் பிரிவில் 'கீமோ, பத்தாம் நாள், காய்ச்சல்' என்ற மூன்றே செய்தியைச் சொன்னோம். வரிசையை விட்டு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் இருக்கவேண்டிய காவலணு முந்நூறே இருந்தது. ஐந்து நாள் நரம்பு வழியே கிருமிக்கொல்லி ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியட்டும் என்று இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று மருத்துவர் அமைதியாகச் சொன்னார். அடுத்த முறை முதல் அணுவை வளர்க்கும் ஊசியும் சேர்ந்தது. அதனால் இடுப்பெலும்பில் குடைச்சல் வந்தது. மச்சை வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளமாம். மகளின் பட்டியலில் குடைச்சலுக்கு இந்திச் சொல் இல்லை. கையால் இடுப்பைக் காட்டிச் சமாளித்தாள்.

வாரமருந்து தொடங்கியபின் புதிதாக வந்தது விரல்நுனி மதமதப்பு. கோலமாவைச் சிட்டிகை எடுத்தால் எடுத்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள். ரவிக்கைக் கொக்கி மாட்ட மகளை அழைத்தாள். இதையும் சொல்லத்தான் வேண்டும். சொன்னதால் மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்தார்கள். முற்றும் குணமாக மாதங்கள் ஆகலாம். இப்போது கோடு சற்று வளைந்தாலும் வாசலில் கோலம் விழுகிறது.

நோயாளியைக் காணவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சளி இருமல் உள்ளவர் தயவுசெய்து தொலைபேசியில் பேசுங்கள். யார் யார் இந்நோயால் மாண்டார்கள் என்ற பட்டியலை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். இந்நோய் தொற்றாது; ஆகவே அவர் கொடுக்கும் காபியைக் குடியுங்கள். சமைத்துக் கொடுங்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள், ஒருநாள் துணைக்கு மருத்துவமனைக்குப் போங்கள். எங்கள் சங்கத்து நண்பர்கள் முறைவைத்து இதைச் செய்தார்கள். நான் பதினாறு நாளும் அங்கே இருக்க முடிந்ததென்றால், என் வீட்டை அவர்கள் தாங்கியதனால்தான்.

எல்லோருக்கும் இதே மருந்து, இதே வரிசை, இதே துன்பம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நோய்க்கு நோய் மருந்து வேறு. இப்போது முடி உதிராத புதுமருந்துகளும் நரம்பு வழியே தருகிறார்கள். அவரவர் மருத்துவர் சொல்வதே அவரவருக்குச் சட்டம். என் மனைவியின் சிகிச்சையும் முற்றுப்பெற்றுவிட்டதென்று சொல்வதற்கில்லை. தினம் ஒரு மாத்திரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் முந்திய இரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் இல்லாமையும் உண்டு.

மகள் எழுதிய அத்தாள் மடிப்பிலே கிழிந்துபோயிற்று. அதைப் பெரிய எழுத்தில் புதிதாக எழுதி, குடைச்சல் முதலிய விட்டுப்போன சொற்களையும் சேர்த்து, படிகள் எடுத்துச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். மூதாட்டியின் மகன் வந்து ஒன்று வாங்கிப் போனான். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம், திருப்பித் தரவேண்டியதில்லை.